உங்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள்

கேள்வி: எழுத்தாளர்களிடம் கையெழுத்து வாங்கிய புத்தகங்களைச் சேர்த்துவருகிறேன். வெறும் கையெழுத்துதான் கேட்பேன். என் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். பெயர் இருந்தால் பின்னாளில் நல்ல விலைக்குப் போகாது என்று மற்ற சேகரிப்பாளர்கள் சொல்கிறார்கள். பழைய புத்தகக் கடையில் வேறு யாருக்கோ எழுதிக்கொடுத்த பிரதி கிடைத்தாலும் இதே காரணத்தால் எடுப்பதில்லை. என் மனைவியோ, "எல்லாப் பிரதியிலும் அச்சாகியிருப்பது ஒரே எழுத்துதானே, இதில் அப்படி என்ன இருக்கிறது?" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: உங்கள் மனைவி கேட்பது நியாயமான கேள்வி. நீங்கள் இப்போது சேர்க்கிற விதத்தில் சேர்த்தால், அவருக்குச் சொல்ல உங்களிடம் பதில் இருக்காது.

அச்சகத்திலிருந்து ஆயிரக்கணக்கில் ஒன்றுபோல வெளிவந்த பிரதிகளில் ஒன்றைப் பிரித்து, எழுதியவரே தன் பேனாவால் 'இது இன்னாருக்கு' என்று எழுதித் தேதி போடும்போதுதான் அது தனிப் பிரதியாகிறது. மேடையில் ஊருக்கெல்லாம் பேசிக்கொண்டிருந்தவர் கீழே இறங்கிவந்து ஒருவரிடம் இரண்டு வார்த்தை பேசியது போல. அந்த ஒருவர் நீங்கள். உங்கள் பெயரை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பேச்சே நடக்கவில்லை என்று பொருள்.

விலையைப் பற்றி உங்களிடம் சொன்னவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை. இன்று எழுதிக்கொண்டிருப்பவரின் புதிய புத்தகத்தில், தனக்குத் தெரியாத ஒரு பெயரைப் பார்த்தால் வாங்க வருபவர் தயங்கக்கூடும். ஆனால் அதே சந்தையில் மிக உயரத்தில் இருக்கும் பிரதிகளைப் பாருங்கள். யார் யாருக்குக் கொடுத்தார் என்று சொல்லக்கூடிய பிரதிகள்தான் அங்கே இருக்கும்.

1873 ஜூனில் கார்ல் மார்க்ஸ், 'மூலதனம்' முதல் தொகுதியின் இரண்டாம் ஜெர்மன் பதிப்பை சார்லஸ் டார்வினுக்கு அனுப்பினார். தன்னை அவருடைய உண்மையான அபிமானி என்று குறிப்பிட்டுக் கையெழுத்திட்டிருந்தார். அந்தக் காலத்தில் பல புத்தகங்கள் தாள்களின் மடிப்பு வெட்டப்படாமலே வரும். படிப்பவர்தான் கத்தியை வைத்துப் பக்கம் பக்கமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். டார்வினிடமிருந்த பிரதியில் 822 பக்கங்களில் 105 பக்கங்கள் வரைதான் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஜெர்மன் மொழியில் படிப்பது அவருக்கு எப்போதும் சிரமம். அக்டோபரில் நன்றிக் கடிதம் எழுதினார். அரசியல் பொருளாதாரம் தனக்கு இன்னும் கொஞ்சம் புரிந்திருந்தால் இந்தப் பரிசுக்குத் தகுதியுள்ளவனாக இருந்திருப்பேன் என்ற பணிவான கடிதம் அது. கொடுத்தவரின் மதிப்பும் வாங்கியவரின் தயக்கமும் அந்த ஒரே பிரதியில் இருக்கின்றன. மார்க்சின் கையெழுத்து மட்டும் இருந்து டார்வினின் பெயர் இல்லாமல் போயிருந்தால், பிரிக்காத அந்தத் தாள்கள் யாருக்கு எதைச் சொல்லும்?

1925 அக்டோபரில் அமெரிக்க நாவலாசிரியர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் தன்னுடைய 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலை டி.எஸ். எலியட்டுக்கு அனுப்பினார். வாழும் கவிஞர்களிலேயே மிகப் பெரியவர் என்று எழுதியவர், அந்தப் பெரியவரின் பெயரிலேயே ஓர் எழுத்தைக் கூடுதலாகப் போட்டுவிட்டார். அச்சில் வந்திருந்தால் மெய்ப்புத் திருத்துபவர் அதை அடித்திருப்பார். கைப்பட எழுதியதால் பிழை அப்படியே நிற்கிறது. தான் வணங்கும் ஒருவருக்கு எழுதும்போது கை பதறியதோ என்று நினைக்கவைக்கிறது. எனக்கு அந்தப் பிழை மிகவும் பிரியமானது. எலியட் அந்த நாவலை மூன்று முறை படித்துவிட்டுப் பதில் எழுதினார்.

பெயரில்லாத கையெழுத்து எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2022இல் அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் கட்டுரை நூல், அவரே கையெழுத்திட்டது என்ற உறுதியோடு 900 பிரதிகள் விற்கப்பட்டது. வாங்கியவர்கள் தங்கள் பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது விஷயம் வெளிப்பட்டது: கையெழுத்திட்டது, ஒருவரின் கையெழுத்தைப் பேனாவால் அப்படியே திரும்பத் திரும்பப் போடும் ஆட்டோபென் இயந்திரம். பதிப்பாளர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், டிலன் மன்னிப்புக் கேட்டார். ஒவ்வொன்றிலும் வாங்குபவரின் பெயரை எழுத வேண்டியிருந்தால் இந்த ஏமாற்று இவ்வளவு சுலபமாக நடந்திருக்காது. கனடா எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் 2006இல் அறிமுகப்படுத்திய தொலைதூரக் கையெழுத்துக் கருவி இதற்கு நேர்மாறு. வாசகர் ஓர் ஊரில், எழுத்தாளர் வேறோர் ஊரில். திரையில் முகம் பார்த்துப் பேசி, பெயர் கேட்டு எழுதுகிறார், வாசகரின் பிரதியில் பேனா நகர்கிறது. இயந்திரம்தான் என்றாலும் அதை மதிக்கிறேன். எதிரே ஓர் ஆள் இருக்கிறார் அல்லவா?

'ஆசிரியரின் அன்பளிப்பு' என்று எழுதியிருந்தாலே ஆசிரியர் எழுதியது என்று நம்பிவிடாதீர்கள். 1859இல் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' முதல் பதிப்பு வெளிவந்தபோது, அன்பளிப்புப் பிரதிகளில் அந்தக் குறிப்பை எழுதியவர்கள் பதிப்பாளரின் அலுவலக எழுத்தர்கள். தலைப்புப் பக்கத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். பால்பாயின்ட் பேனாவின் அழுத்தம் தாளின் பின்பக்கத்தில் விரலுக்குத் தட்டுப்படும். ஊற்றுப்பேனா மை பழைய தாளில் ஓரங்களில் லேசாகக் கசிந்திருக்கும்; ஈரம் காயுமுன் மூடியிருந்தால் எதிர்ப்பக்கத்தில் அதன் நிழல் விழுந்திருக்கும். அச்சடித்த கையெழுத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் பெரும்பாலும் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

பழைய புத்தகக் கடையில் வேறொருவர் பெயருக்கு எழுதிய பிரதியைத் தாராளமாக வாங்குங்கள். அது அங்கே வந்ததற்கு மரணம், வீடு மாற்றம், வறுமை என்று எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். சில சமயம் உறவு முறிந்ததும் காரணமாகலாம். அமெரிக்க எழுத்தாளர் பால் தெரூ, தான் தன் நண்பரான எழுத்தாளர் வி.எஸ். நைபாலுக்கு அன்போடு எழுதிக்கொடுத்த புத்தகம் ஒரு விற்பனைப் பட்டியலில் இருப்பதைக் கண்டார். பல்லாண்டு நட்பு கசந்த கதையை 1998இல் தனிப் புத்தகமாகவே எழுதினார். உங்கள் கைக்கு வரும் பிரதியில் இருக்கும் பெயர் எந்த வரலாற்றிலும் இல்லாத பெயராக இருக்கலாம். இருக்கட்டுமே. 'அன்று இரவு நீங்கள் சொன்னதற்காக' என்று ஒரு வரி இருந்து, என்ன சொன்னார் என்று தெரியாமல் போனாலும், யாரோ ஒருவர் சொன்ன ஏதோ ஒன்று அந்த எழுத்தாளருக்கு முக்கியமாக இருந்திருக்கிறது என்பதாவது தெரிகிறது. அந்த நூலைப் பற்றிய எந்த ஆய்விலும் இது கிடைக்காது.

எனவே அடுத்த முறை உங்கள் பெயரை ஒரு துண்டுத் தாளில் தெளிவாக எழுதி எடுத்துச் செல்லுங்கள். தேதியும் போடச் சொல்லுங்கள். பின்னால் வரிசை நீளமாக இருந்தால் பொன்மொழி எழுதச் சொல்லி அவரைப் படுத்தாதீர்கள். பெயரும் கையெழுத்தும் போதும். முக்கியமாக, படித்துவிட்டுப் போங்கள். படித்தவரிடம் எழுத்தாளர் ஒரு வரி கூடுதலாகப் பேசுவார், சில சமயம் எழுதவும் செய்வார்.

என்றாவது ஒரு நாள் அந்தப் புத்தகத்தை விற்கும்படி ஆனால் விற்றுக்கொள்ளுங்கள், அதில் குற்றமில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு உங்கள் பெயர் உள்ள பக்கத்தைக் கிழித்துவிட்டு மட்டும் விற்காதீர்கள்.