சிந்தில் டிலேயும் கோரஸும் போட்டால் ஒலி ஏன் கலங்குகிறது?

கேள்வி: என் சாஃப்ட்வேர் சிந்தசைசரிலேயே இருக்கும் டிலே (எதிரொலி தருவது), கோரஸ் (ஒலியை அகலமாக்குவது) இரண்டையும் போட்டு வாசித்தால் தனியாகக் கேட்க நன்றாக இருக்கிறது. மற்ற வாத்தியங்களோடு சேர்ந்ததும் கலங்கிவிடுகிறது. கீழ் சுரங்களில் ஒலி கூடிக் குறையவும் செய்கிறது. எப்படிச் சரிசெய்வது?

பதில்: எஃபெக்ட் பக்கத்துக்குப் போகும் முன், மூல ஒலியை உருவாக்கும் ஆஸிலேட்டரைப் பாருங்கள். யூனிசன் 5, 7 என்று இருக்கிறதா? கொஞ்சம் சுருதி விலகிய பிரதிகளை அடுக்குவதுதான் யூனிசன். கோரஸ் செய்வதும் ஏறக்குறைய அதே வேலை. இரண்டும் சேர்ந்தால் கலங்கத்தான் செய்யும். கோரஸ் வேண்டுமானால் யூனிசனை 1 ஆக்கிவிடுங்கள். நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன். 1982இல் வந்த ரோலண்ட் ஜூனோ-60 சிந்தில் ஒரு சுரத்துக்கு ஒரே ஆஸிலேட்டர், கூட ஒரு சப் (கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் துணை), அவ்வளவுதான். அந்த அகலமான ஒலி அதன் கோரஸிலிருந்து வந்தது.

கீழ் சுரங்களின் சிக்கலும் கோரஸில்தான் இருக்கிறது. அது ஒலியின் பிரதியைச் சில மில்லிசெகண்ட் பிந்தவைத்து, அந்தப் பிந்தலை எல்எஃப்ஓவால் (மெதுவாக ஏறி இறங்கும் கட்டுப்பாட்டு அலை) ஆட்டிக்கொண்டே மூல ஒலியோடு கலக்கிறது. பிந்தல் 10 மில்லிசெகண்டாக இருக்கும் கணத்தில் 50 ஹெர்ட்ஸ் அலைக்கு அது சரியாக அரைச் சுற்று. ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து ஒலி அடங்கிவிடும். பிந்தல் மாற மாற, அடங்கும் இடமும் நகரும். அதனால் பேஸுக்குக் கோரஸைத் தவிர்ப்பது நல்லது. விட மனமில்லை என்றால், சீரம், வைட்டல் போன்ற சிந்த்களில் ஒரு ஆஸிலேட்டரை மட்டும் எஃபெக்டுக்குள் விடாமல் நேராக வெளியே அனுப்பலாம். அடித்தளம் அசையாமல் நிற்கும்.

டிலேக்கு வருவோம். நேரத்தை டெம்போவோடு பூட்டுங்கள். அந்த வசதி இல்லையென்றால் 60,000ஐ பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை பீட்) வகுத்தால் ஒரு பீட்டின் மில்லிசெகண்ட் கிடைக்கும். 120 பிபிஎம்முக்கு 500. அதில் முக்கால் பங்கான 375ஐ முதலில் முயன்று பாருங்கள். எதிரொலி பீட்டின் மேலேயே விழாமல் இடைவெளிகளில் விழும். ஃபீட்பேக் (எதிரொலியை மறுபடி டிலேக்குள் அனுப்பும் அளவு) 50 சதவீதமானால் ஒவ்வொரு எதிரொலியும் முந்தையதைவிட 6 டெசிபல் குறையும். வேகமான பாட்டுக்கு அதுவே அதிகம், 30 போதும். அப்புறம், டிலேயில் இருக்கும் ஃபில்டரைப் பலரும் தொடுவதே இல்லை. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 4,000க்கு மேலும் வெட்டிப் பாருங்கள். எதிரொலி பின்னால் போய் நிற்கும், கலக்கம் பெருமளவு தீரும்.

டிலேயின் மிக்ஸ் குமிழை (எஃபெக்ட் ஒலியின் பங்கு) முதலில் 100இல் வைத்து எதிரொலியை மட்டும் கேட்டு மற்றதையெல்லாம் அமையுங்கள். பிறகு 0க்கு இறக்கி, முழுப் பாட்டும் ஓடும்போது மெல்ல ஏற்றுங்கள். தனியாக ஓடவிட்டு இதை முடிவு செய்யாதீர்கள். கடைசியாக ஒருமுறை மோனோவில் (இடது, வலது இரண்டையும் ஒன்றாக்கி) கேளுங்கள். ஒலி மெலிந்தால் கோரஸின் மிக்ஸைக் குறையுங்கள், டிலேயை அப்படியே விடுங்கள்.