நின்றுபோன ராட்டை

அன்புள்ள சார்,

நீங்கள் முன்பு சொன்ன, ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் ‘ராட்டையருகே கிரெட்சென்’ பாட்டைப் பாத்திரம் துலக்கியபடி கேட்டேன். பியானோ முழுக்க ஒரே மாதிரி ஓடுகிறது, சலிக்கிறது. ஜெர்மன் தெரியாமல் இதையெல்லாம் கேட்பதில் பயன் உண்டா? யார் பாடியதைக் கேட்கலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

யார் பாடியது என்பதெல்லாம் அப்புறம். மூன்றரை நிமிடப் பாட்டு. அதற்குக்கூட உட்கார நேரமில்லை, சலிப்பு என்று புகார் மட்டும் வருகிறது!

அந்தப் பியானோ பக்கவாத்தியம் இல்லை. அதுதான் ராட்டை. வலது கை சக்கரம், இடது கை மிதிகட்டை. பாட்டின் வரிகள் ஜெர்மன் கவிஞர் கதேயின் ‘ஃபவுஸ்ட்’ நாடகத்தில் வருபவை. கிரெட்சென் தனியாக நூற்றுக்கொண்டே தன் காதலன் ஃபவுஸ்டை நினைக்கும் இடம். அவன் நடை, சிரிப்பு, கண், பேச்சு, கை அழுத்தம் என்று அடுக்கிக்கொண்டே போகிறாள். குரல் ஏறுகிறது. ‘அவன் முத்தம்’ என்றதும் சக்கரம் நின்றுவிடுகிறது. கதே அங்கே ஓர் ஆச்சரியக்குறி போட்டதோடு சரி. நிறுத்தியவன் ஷூபர்ட். 1814 அக்டோபரில், 17 வயதில்.

எல்லோரும் அந்த நிறுத்தத்தைத்தான் புகழ்வார்கள். எனக்கு அதற்கு அடுத்த நொடிதான் முக்கியம். ராட்டை உடனே ஓடுவதில்லை. கொஞ்சம் சுற்றி நிற்கிறது, மறுபடி முயல்கிறது, அப்புறம்தான் பிடிக்கிறது.

அம்மா வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். அப்பா வெளியூரில் வேலை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் அவள் கால் மிதியிலேயே நின்றுவிடும். மணி எங்கள் வாசலைத் தாண்டிப் போனபின் கையால் சக்கரத்தைத் தள்ளி மிதிப்பாள். பல நாள் அது பின்பக்கமாகச் சுற்றி நூலை அறுத்துவிடும். பேசாமல் மறுபடி ஊசியில் கோப்பாள். இந்தப் பாட்டை முதலில் கேட்ட அன்று எனக்கு ஷூபர்ட்டின் ஊரான வியன்னா நினைவுக்கு வரவில்லை, அந்தத் தையல் மெஷின்தான் வந்தது. சக்கரத்தை யாரும் நிறுத்திவிடலாம், திரும்ப ஓட்டுவதுதான் பாடு என்பது அந்தப் பையனுக்கு எப்படித் தெரிந்தது?

1816இல் ஷூபர்ட்டின் நண்பர் ஸ்பாவுன் இதையும் வேறு சில பாடல்களையும் கதேக்கு அனுப்பினார். ஒரு வரி பதில் இல்லை. பெரிய கவிஞர்தான், இருந்தாலும் இதில் அவர்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை.

ஜெர்மன் பற்றிக் கேட்டீர்கள் இல்லையா? ‘குஸ்’ என்றால் முத்தம். இப்போதைக்கு அது போதும். பாத்திரத்தைத் துலக்கி முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கேளுங்கள்.