லாரிக்கு எந்த ஸ்பார்க் பிளக்? கேள்வி பதில்

கேள்வி: என் டீசல் லாரிக்கு எந்த பிளக் நல்லது?

பதில்: டீசலுக்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அழுத்திய காற்றின் சூட்டில் தானே பற்றிக்கொள்ளும். நீங்கள் பார்த்தது, குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் குளோ பிளக். இங்கே பேசுவது பெட்ரோல், கேஸ் வண்டிகளைப் பற்றி.

கேள்வி: பழைய என்ஜிகே பிளக்கில் 6 என்று இருந்தது. கடையில் பாஷ் 6 கொடுத்தார்கள். போடலாமா?

பதில்: போடாதீர்கள். அது ஹீட் ரேஞ்ச் எண், அதாவது பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்பது; வேகமாக வெளியேற்றினால் குளிர் பிளக். என்ஜிகேயில் எண் ஏற ஏற பிளக் குளிர். பாஷில் நேர் எதிர். வெள்ளைப் பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு மெதுவாக இறங்கும், குட்டையாக இருந்தால் சட்டென்று என்ஜின் ஹெட்டுக்குப் போய்விடும். நுனி 450 டிகிரியைத் தாண்டினால்தான் படிந்த கரி தானாக எரியும். 800, 900 என்று ஏறினால் நுனியே கங்காகி, ஸ்பார்க் வருமுன்பே கலவையைப் பற்றவைக்கும். பாரத்தோடு மேடு ஏறும் வண்டியில் பிஸ்டன் ஓட்டையாவது இப்படித்தான். மரையின் நீளத்தையும் பாருங்கள், 19 மி.மீ. வேண்டிய இடத்தில் 26.5 மி.மீ. போனால் பிஸ்டனில் இடிக்கலாம்.

கேள்வி: இரிடியம் நுனி வைத்த பிளக் போட்டால் மைலேஜ் கூடுமா?

பதில்: நல்ல நிக்கல் பிளக்கைக் கழற்றிவிட்டுப் போட்டால் பெரிதாகக் கூடாது. ஆயுள்தான் லாபம்.

கேள்வி: சிஎன்ஜிக்கு மாற்றியபின் பாரம் ஏற்றினால் திக்குகிறது.

பதில்: கேஸைப் பற்றவைக்க கூடுதல் வோல்டேஜ் வேண்டும். பெட்ரோலில் சமாளித்த தேய்ந்த பிளக் இதில் மாட்டிக்கொள்ளும். பிளக் தலையில் மாட்டியிருக்கும் ரப்பர் உறையைக் கழற்றிப் பீங்கானைப் பாருங்கள். பென்சிலால் கோடு இழுத்ததுபோல் கறுப்பு இழை தெரிந்தால், மின்சாரம் நுனிக்குப் போகாமல் வெளியே ஓடியிருக்கிறது. பிளக்கோடு அந்த உறையையும் மாற்றுங்கள். கேப், அதாவது நுனியில் ஸ்பார்க் தாண்டும் இடைவெளி, சிஎன்ஜி கிட் தயாரித்தவர் சொன்ன அளவில் இருக்கட்டும்.

கேள்வி: மரை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஆன்டி-சீஸ் பசை தடவலாமா?

பதில்: முலாம் பூசிய மரைக்கு வேண்டாம். வழுக்கும், டார்க்கை (இறுக்கும் விசையை) அளக்கும் டார்க் ரென்ச் சரியான அளவைக் காட்டும்போதே பிளக் அளவுக்கு மேல் இறுகியிருக்கும்.

கேள்வி: இருபது வருஷமாகத் தடவுகிறேன், ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: நீங்கள் கையால் இறுக்குபவர். வழுக்குவது தெரிந்து கை தானே அடங்கிக்கொள்கிறது. ரென்ச்சுக்கு அது தெரியாது.

கேள்வி: அலுமினிய ஹெட்டில் பிளக் ஒட்டிக்கொண்டு மரையோடு வந்ததைப் பார்த்திருக்கிறீர்களா?

பதில்: பார்த்திருக்கிறேன். சூடாக இருக்கும்போது கழற்றியதால் வந்தது! சரி, முலாம் இல்லாத கறுப்பு மரை என்றால் உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. ஒரு பொட்டு தடவி, டார்க்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒட்டியதைக் கழற்ற, ஆறவிட்டு, கால் சுற்று தளர்த்தி, ஊடுருவும் எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாகத் திருப்புங்கள்.

கேள்வி: இரிடியத்தில் மைலேஜ் எவ்வளவு ஏறும்?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: இரிடியத்துக்கு, காசு மாதிரி இருக்கும் வட்டக் கேஜால் கேப் வைக்கலாமா?

பதில்: நுனி ஒடிந்துவிடும். கம்பி கேஜால் அளந்து மட்டும் பாருங்கள்.

கேள்வி: வண்டி இப்போதுதான் வந்து நின்றது. உடனே பிளக் மாற்றிவிடவா?

பதில்: சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டுவிட்டு வாருங்கள். ஆறட்டும்.