எண்ணெய் எப்படித் தூது போகும்?

அன்புள்ள ஐயா,

தக்கலைப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கொழுப்பு என்றால் எனக்குத் தெரிந்தது லேபில் தரும் லிப்பிட் புரொஃபைல் தாள்தான். கெட்டது கூடியிருக்கிறது என்று டாக்டர் ஸ்டாட்டின் மாத்திரை எழுதித் தந்திருக்கிறார். மகளுடைய மகன் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் படிக்கிறான், புராஜெக்டும் கொழுப்பைப் பற்றித்தானாம். போன மாதம் வந்தபோது, "அம்மச்சி, செல்லுக்குள்ள சேதி சொல்லுததே கொழுப்புதான். அந்தச் சேதி பிசகினா கேன்சர், சுகர் எல்லாம் வரும்" என்றான்.

செல்லுக்குள் இருப்பது தண்ணீர். எண்ணெயோ தண்ணீரில் கரையாது. கரையாத பொருள் எப்படித் தூது போகும்? அவனிடம் கேட்டால் படம் வரைந்து காட்டுகிறான். எனக்கு அதில் அம்புக்குறிகள்தான் தெரிகின்றன. அப்புறம், தேங்காய் எண்ணெயை விட்டுவிடத்தான் வேண்டுமா?

ஒரு வாசகி, தக்கலை

அன்புள்ள டீச்சர்,

பேரன் சொன்னது சரிதான். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் கேள்வி அவன் போட்ட படத்தைவிட நல்ல கேள்வி. கரையாது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நீங்கள் கணக்கு டீச்சர் என்பதால் ஒரு கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். 1925இல் கோர்ட்டர், கிரெண்டல் என்று இரண்டு டச்சுக்காரர்கள் ரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பை மட்டும் பிரித்தெடுத்துத் தண்ணீரின் மேல் மெல்லிய படலமாகப் பரத்தினார்கள். அந்தப் படலத்தின் பரப்பை அளந்தார்கள். அத்தனை அணுக்களின் மேற்பரப்பையும் கூட்டினால் வருவதைப் போல அது இரண்டு மடங்கு இருந்தது. அப்படியென்றால் செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பாக இருக்க வேண்டும். இந்தக் கொழுப்பில் முக்கியமானது பாஸ்போலிப்பிட். அதன் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் தண்ணீரை விரும்புகிற ஒரு தலை, தண்ணீருக்கு ஆகாத இரண்டு வால்கள். தலைகள் வெளித் தண்ணீரையும் உள்தண்ணீரையும் பார்த்திருக்கும். வால்கள் நடுவில் ஒளிந்திருக்கும்.

இது வெறும் உறை என்றுதான் ரொம்ப காலம் நினைத்தார்கள். 1953இல் மேபல் ஹோக்கின், லோவெல் ஹோக்கின் தம்பதி ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். புறாவின் கணையத்தைச் சீவி எடுத்த துண்டுகள், கூடவே கதிரியக்கப் பாஸ்பரஸ் கலந்த கரைசல். நரம்புகள் சேதி சொல்லப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலினைச் சேர்த்தால் கணையம் செரிமான நொதிகளைச் சுரக்கும், அது தெரிந்ததுதான். ஆனால் அந்த நேரம் பார்த்துக் கதிரியக்கப் பாஸ்பரஸ் சவ்வின் கொழுப்புக்குள் படுவேகமாக ஏறியது. உறைக்குள் பாஸ்பரஸ் ஏறுகிறது என்றால் உறையை யாரோ உடைத்து உடைத்துக் கட்டுகிறார்கள். சுரக்கச் சொன்னால் சுரந்துவிட்டுப் போக வேண்டியதுதானே, எதற்கு உறையை உடைக்க வேண்டும்?

பதில் கிடைக்க 30 வருஷம் ஆனது. 1975இல் இங்கிலாந்தில் மிச்செல் என்பவர் இதற்கும் கால்சியத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று எழுதினார். ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்த பெரிட்ஜும் அவருடைய கூட்டாளிகளும் 1983இல் முடிச்சை அவிழ்த்தார்கள்.

சவ்வின் உள்ளடுக்கில் பிஐபி2 என்று ஒரு கொழுப்பு இருக்கிறது. சவ்வின் பாஸ்போலிப்பிட்டில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. வெளியே ஒரு ஹார்மோன் வந்து சவ்விலிருக்கும் ஏற்பியைத் தொட்டதும், உள்ளே பாஸ்போலிப்பேஸ் சி என்ற நொதி இந்தக் கொழுப்பைத் தலை வேறு, வால் வேறாக வெட்டும். தலை தண்ணீரில் கரையும். ஐபி3 என்ற பெயரோடு செல்லுக்குள் மிதந்துபோய், கால்சியம் அடைத்து வைத்திருக்கும் அறைகளைத் திறக்கும். சாதாரணமாகச் செல்லின் திரவத்தில் இருக்கும் கால்சியம் வெளியே இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அதனால் கொஞ்சம் கசிந்தாலே செல்லுக்குப் பெரிய சேதி. வால் பகுதிக்குப் பெயர் டயாசில்கிளிசரால். இது கரையாது, எங்கேயும் போகாது, சவ்விலேயே நிற்கும். புரோட்டீன் கைனேஸ் சி என்ற நொதி இதைத் தேடிச் சவ்வுக்கு வரும், வந்த இடத்தில் விழித்துக்கொண்டு வேலையைத் தொடங்கும். நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான்: கரைகிற பாதி தூது போகிறது, கரையாத பாதி எங்கே வர வேண்டும் என்று இடம் காட்டுகிறது.

இந்த இரண்டாவது பாதியில் நம் ஊர் வைத்திய ஆசான்மாருக்குத் தெரிந்த ஒரு சரக்கு வந்து சேர்கிறது: நேர்வாளம். ஆமணக்கு விதையின் தம்பி மாதிரி சின்னதாக, பழுப்பாக இருக்கும். பேதிக்குக் கொடுப்பார்கள், அதையும் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்க மாட்டார்கள். எண்ணெய் தோலில் பட்டால் பொங்கிவிடும். வெளிநாட்டு ஆய்வாளர்கள் 1940களில் இந்த எண்ணெயை எலித் தோலில் தடவிப் பார்த்திருக்கிறார்கள். புற்றுநோய் உண்டாக்கும் ஒரு பொருளை முதலில் மிகக் குறைந்த அளவில் தடவிவிட்டு, அப்புறம் வாரக்கணக்கில் நேர்வாள எண்ணெயைத் தடவினால் கட்டிகள் கிளம்பின. எண்ணெயை மட்டும் தடவினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகவில்லை. அதிலிருக்கும் ஃபோர்பால் எஸ்டர்தான் காரணம் என்று 1960களில் பிரித்தெடுத்தார்கள். அது செல்லுக்குள் எதைப் பிடிக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. 1982இல் ஜப்பானின் கோபேயில் நிஷிசுகாவின் குழு கண்டுபிடித்தது, அது பிடிப்பது புரோட்டீன் கைனேஸ் சியை. டயாசில்கிளிசராலின் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு ஆள்மாறாட்டம் செய்கிறது.

ஒரே இடத்தில்தானே உட்காருகிறது, அப்புறம் ஏன் ஒன்று சேதி, இன்னொன்று கேடு? டயாசில்கிளிசராலைச் செல் சீக்கிரமே வேறொன்றாக மாற்றி அழித்துவிடும். ஃபோர்பாலை அப்படி அழிக்க அதற்கு வழியில்லை. நீங்கள் எத்தனையோ வருஷம் பள்ளி மணி கேட்டவர். அது காலையிலிருந்து மாலைவரை விடாமல் அடித்தால் எந்தப் பிள்ளை எந்த வகுப்புக்குப் போகும்? பேரன் சொன்ன "பிசகு" பெரும்பாலும் இந்த வகைதான். கொழுப்புச் சேதிகளில் போகும் சேதியைவிட அழிக்கும் ஏற்பாட்டை நான் முக்கியமாகப் பார்க்கிறேன், பாடப்புத்தகங்கள் அதற்கு அரைப் பக்கம்தான் தருகின்றன.

இந்தக் கதையில் ஒரு திருப்பமும் உண்டு. நிற்காத சேதிதான் புற்றைத் தூண்டுகிறது என்றால் புரோட்டீன் கைனேஸ் சியை அடக்கினால் சரியாகிவிடும் என்று மருந்துகள் செய்து பார்த்தார்கள். பலிக்கவில்லை. 2015இல் வந்த ஓர் ஆய்வு, புற்றுக் கட்டிகளில் இந்த நொதியின் மரபணுவில் காணும் மாற்றங்கள் பெரும்பாலும் அதைச் செயலிழக்கச் செய்பவைதான், இது கட்டியைத் தடுக்கிற பக்கத்தைச் சேர்ந்தது என்று காட்டியது. ஃபோர்பால் விடாமல் உசுப்பிக்கொண்டே இருந்தால் செல் அந்த நொதியையே சிதைத்துத் தள்ளிவிடுகிறது. சேதி நிற்காவிட்டால் கேட்கிற ஆளே இல்லாமல் போகிறான்!

இதே பிஐபி2 மேல் வெட்டு விழாமல் இன்னொரு பாஸ்பேட்டை ஒட்டினால் பிஐபி3. இது "வளர், பிழைத்திரு" என்ற சேதி. இன்சுலின் தசையிலும் கல்லீரலிலும் பேசுவது இந்த வழியாகத்தான். ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றிச் சேதியை அழிக்க பி-டென் என்ற நொதி இருக்கிறது. இதன் மரபணுவை 1997இல் கண்டுபிடித்தார்கள். அது கழற்றுவது பிஐபி3இன் பாஸ்பேட்டைத்தான் என்பது அடுத்த வருஷம் தெரிந்தது. பலவகைப் புற்றுநோய்களில் இந்த மரபணு கெட்டுப் போயிருக்கிறது. சரி, பிஐபி3 உண்டாவதையே தடுத்தால்? தடுக்கிற மருந்தும் வந்தது. மார்பகப் புற்றில் ஒரு வகைக்கு அல்பெலிசிப் என்ற மருந்தை 2019இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். அதைச் சாப்பிடுகிறவர்களில் நிறையப் பேருக்குச் சர்க்கரை ஏறுகிறது. புற்றுக்குப் போன சேதியை மறித்தால் இன்சுலினின் சேதியும் சேர்ந்தே மறிபடுகிறது. கேன்சரையும் சுகரையும் பேரன் ஒரே மூச்சில் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சுகர் பக்கம் இன்னொன்றும் உண்டு. கல்லீரலிலும் தசையிலும் இருக்கக் கூடாத அளவுக்குக் கொழுப்பு தேங்கும்போது, டயாசில்கிளிசராலும் செராமைடு என்ற இன்னொரு கொழுப்பும் அங்கே கூடுகின்றன. யாரும் அனுப்பாத சேதி. இன்சுலின் சொல்வதைச் செல் சரியாகக் கேட்காமல் போக இதுவே காரணம் என்கிறார்கள். இரண்டில் முதல் குற்றவாளி எது என்பதில் ஆய்வாளர்களின் சண்டை இன்னும் ஓயவில்லை.

உங்கள் லிப்பிட் புரொஃபைல் தாளில் இது எதுவும் இருக்காது. அது ரத்தத்தில் போகிற சரக்கின் கணக்கு, செல்லுக்குள் நடக்கும் பேச்சு அதில் வராது. அதற்காக அது வீண் என்று நினைத்துவிட வேண்டாம், அந்தச் சரக்கு மாரடைப்பில் கொண்டு விடக்கூடியது. உங்கள் மாத்திரை கல்லீரலில் கொலஸ்ட்ரால் உண்டாகும் வழியில் ஒரு நொதியை அடக்குகிறது. உள்ளே தட்டுப்பாடு வந்ததும் கல்லீரல் ரத்தத்திலிருக்கும் எல்டிஎல்லை, அதாவது கெட்ட கொலஸ்ட்ராலை, பிடித்து இழுத்துக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், குலசேகரத்தில் வெட்டுகிற ரப்பர் பாலும் நம் கொலஸ்ட்ராலும் ஒரே ஐந்து கார்பன் துண்டைக் கோத்துக் கோத்துச் செய்தவை. அந்த நொதி ரப்பர் மரத்திலும் இருக்கிறது. மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, அதில் பாதி லாரிக் அமிலம். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் போன்றவற்றோடு ஒப்பிட்டால் எல்டிஎல்லைக் கூட்டும், நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல்லையும் கொஞ்சம் கூட்டும். எச்டிஎல் கூடுவதைச் சொல்லியே இதை மருந்தாக விற்கிறவர்களை நம்ப வேண்டாம். துவரனுக்குத் தாளிக்கிற ஒரு ஸ்பூனை நான் எதிர்க்க மாட்டேன். ஏத்தங்காய் வற்றலும் மீனும் பொரிக்கிற சட்டியைத்தான் குறைக்க வேண்டும்.

மீனைக் குழம்பாக வையுங்கள், அதுவும் சாளை (மத்தி) என்றால் நல்லது. சவ்விலிருந்து வெட்டியெடுத்து வலி, வீக்கம் என்ற சேதிகளாக மாற்றப்படுவது அரக்கிடோனிக் அமிலம் என்ற 20 கார்பன் கொழுப்பு. ஆஸ்பிரின் அந்த மாற்றத்தைத்தான் தடுக்கிறது என்று ஜான் வேன் 1971இல் காட்டினார், 1982இல் அதற்கு நோபல் பரிசில் பங்கும் கிடைத்தது. சாளையின் நெய்யில் இருக்கும் இபிஏ என்ற ஒமேகா-3 கொழுப்பும் 20 கார்பன்தான். அதே நொதியிடம் போய்ப் போட்டி போடும், ஆனால் அதிலிருந்து வரும் சேதிகளுக்கு வேகம் குறைவு. குளச்சலில் மலிவாகக் கிடைக்கிற நாளில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பேரன் அடுத்த தடவை படம் போட்டால், அவனுடைய கொழுப்பைக் கடைசியில் எந்த நொதி அழிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அவன் சொல்லும் பதிலை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.