கனடா மிடில் ஸ்கூல்ல முதல் விண்டர்: ஸ்கூல் மெயில்ல எதை உடனே பார்க்கணும்?

கேள்வி: ஆகஸ்ட்ல கோயம்புத்தூர்ல இருந்து டொராண்டோ வந்தோம். பையன் மிடில் ஸ்கூல்ல கிரேடு 7. டிசம்பர்ல இருந்து ஸ்கூல் மெயில் வாரத்துக்கு மூணு நாலு வருது, பஸ் கேன்சல், தடுப்பூசி ஃபார்ம், ரிப்போர்ட் கார்டு, லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்னு ஒண்ணும் புரியல. இப்ப பப்ளிக் ஹெல்த்ல (பொது சுகாதாரத் துறை) இருந்து தடுப்பூசி ரெக்கார்ட் குடுக்கலன்னா சஸ்பெண்ட்னு லெட்டர் வந்திருக்கு, பயமா இருக்கு. பையன் ஜாக்கெட்டே போட மாட்டேங்கறான். மார்ச்ல நாலு வாரம் ஊருக்குப் போலாமான்னும் யோசிக்கிறோம். எதுல இருந்து ஆரம்பிக்கறது?

பதில்: லெட்டர்ல இருந்து ஆரம்பிங்கம்மா. மத்ததெல்லாம் ஒரு வாரம் தள்ளினாலும் ஒண்ணும் ஆகாது, இது மட்டும் தேதி போட்டு வர்ற விஷயம். புதுசா வர்ற குடும்பங்களுக்கு ஸ்கூல் விஷயத்துல உதவுற வேலைதான் எனக்கு, ஒவ்வொரு விண்டரும் இந்த லெட்டரைக் கையில வெச்சுக்கிட்டு கண்ணு கலங்க யாராவது ஒரு அம்மா வந்து உக்காருவாங்க, பையன் என்ன தப்பு பண்ணான்னு. தப்பு ஒண்ணும் இல்லைங்க. ஒன்டாரியோல ஸ்கூல் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி ரெக்கார்ட் பப்ளிக் ஹெல்த்ல இருக்கணும்னு சட்டம், இல்லன்னா 20 ஸ்கூல் நாள் வரைக்கும் வெளிய வைக்கலாம், ரெக்கார்ட் போய்ச் சேர்ந்ததும் திரும்ப சேர்த்துக்குவாங்க. சஸ்பெண்ட்ங்கற அந்த ஒரு வார்த்தைதான் பயமுறுத்துது, நடத்தைக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது.

பாதிப் பேர் தடுக்கி விழற இடம் ஒண்ணு இருக்கு. இங்க ஃபேமிலி டாக்டர் ஊசி போட்டாலும் அவர் தானா பப்ளிக் ஹெல்த்துக்குச் சொல்லமாட்டார், அப்பா அம்மாதான் சொல்லணும். டாக்டர்கிட்ட காட்டிட்டோமே, ஸ்கூல்ல சேர்க்கும்போது காப்பி குடுத்தோமேன்னு நிம்மதியா இருப்பாங்க, ஆனா பப்ளிக் ஹெல்த் கணக்குல பையன் பேருக்கு நேரா ஒண்ணுமே ஏறியிருக்காது. லெட்டர்லயே வெப்சைட்டும் போன் நம்பரும் இருக்கும், நீங்களே ஏத்திடுங்க.

ஏத்தறதுக்கு முன்னாடி ஊர்ல இருந்து கொண்டு வந்த தடுப்பூசி புக்கை எடுத்து மேஜைல விரிச்சு வெச்சு ஒவ்வொரு வரியா பாருங்க. சட்டம் கேக்கறது டிப்தீரியா, டெட்டனஸ், போலியோ, கக்குவான், தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா, மெனிஞ்சோகாக்கல், அப்புறம் 2010லயோ அதுக்குப் பிறகோ பிறந்த பிள்ளைகளுக்கு சின்னம்மை. இதுல தட்டம்மைதான் நம்ம பிள்ளைகளுக்குச் சிக்கல். நம்ம ஊர் அரசு அட்டவணைல அதுக்கு முதல் டோஸ் 9 மாசத்துலயே போட்டுடுவாங்க, இங்க முதல் பிறந்தநாளுக்கு முன்னாடி போட்டது கணக்குலயே வராது. இலங்கைல இருந்து வர்றவங்களுக்கும் இதே கதைதான், அங்கயும் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூணும் சேர்ந்த ஊசியான எம்எம்ஆர் முதல் டோஸ் 9 மாசத்துல. அதனால ரெண்டு டோஸ் இருக்கேன்னு நீங்க நினைப்பீங்க, அவங்க கணக்குல ஒண்ணுதான் நிக்கும். நம்ம ஊர் அரசு அட்டவணைல பொன்னுக்கு வீங்கிக்கும் சின்னம்மைக்கும் ஊசியே கிடையாது, பிரைவேட் டாக்டர்கிட்ட போட்டிருந்தா எம்எம்ஆர்னும் வேரிசெல்லான்னும் தனியா எழுதி ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க, அதைத் தேடுங்க. காசநோய்க்குப் போடற பிசிஜியை இங்க யாரும் கேக்க மாட்டாங்க. குறையுற டோஸை இங்கயே இலவசமா போட்டுக்கலாம், எம்எம்ஆர் ஒரு டோஸ் கூடுதலா போனா ஒண்ணும் ஆகாது, எது குறையுதுன்னு டாக்டரோ நர்ஸோ பார்த்துச் சொல்லிடுவாங்க.

இன்னொண்ணு, தேதி. நம்ம புக்குல 04/07/2014ன்னு இருந்தா அது ஜூலை 4, இங்க படிக்கறவங்க ஏப்ரல் 7ன்னு எடுத்துக்க வாய்ப்பு இருக்கு. போன வருஷம் ஒரு குடும்பத்துக்கு இப்படித்தான் ஆச்சு, ரெண்டு டோஸுக்கும் நடுவுல இடைவெளி பத்தலன்னு திரும்ப லெட்டர் வந்துச்சு, பார்த்தா நாளும் மாசமும் இடம் மாறிக் கெடந்துச்சு. அதனால மாசத்தை எழுத்துல எழுதுங்க, டாக்டர் கையெழுத்து புரியலன்னா பக்கத்துலயே தெளிவா ஒரு தாள்ல பட்டியல் போட்டு அதையும் சேர்த்து அனுப்புங்க. அனுப்பின அன்னிக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.

ஸ்கூல்ல இருந்து வந்த ஃபார்ம் இதுல சேராது, அது வேற. கிரேடு 7 பிள்ளைகளுக்கு ஸ்கூல்லயே நர்ஸ் வந்து ஹெபடைட்டிஸ் பி, ஹெச்பிவி (கர்ப்பப்பை வாய் புற்றுநோய் மாதிரி சில புற்றுநோயைத் தடுக்கறது), மெனிஞ்சோகாக்கல் மூணும் இலவசமா போடுவாங்க, அதுக்கு உங்க சம்மதம் கேக்கற ஃபார்ம். இதுல சட்டப்படி கட்டாயம் மெனிஞ்சோகாக்கல் மட்டும்தான், ஆனா மூணுமே போட்டுடுங்கன்னுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்வேன், வெளிய காசு குடுத்துப் போடப்போனா ஹெச்பிவி ஒண்ணே நூத்துக்கணக்குல டாலர் ஆகும். பெண் பிள்ளைக்கு மட்டும்தானேன்னு சில அப்பாக்கள் கேக்கறாங்க, இல்லைங்க, பையன்களுக்கும்தான். ஊசியெல்லாம் எதுக்கு இவ்வளவு கெடுபிடின்னு தோணினா, ஒன்டாரியோல 2024 அக்டோபர்ல ஆரம்பிச்ச தட்டம்மை ஒரு வருஷம் ஓடி 2,000 பேருக்கு மேல வந்துச்சு, 2025 நவம்பர்ல கனடாவுக்கு தட்டம்மையை ஒழிச்ச நாடுங்கற தகுதியே போயிடுச்சு. அவங்க பதறுறதுல நியாயம் இருக்கு.

சரி, பஸ். "பஸ்கள் ரத்து, ஸ்கூல் திறந்திருக்கும்"னு வர்ற மெயிலைப் பார்த்து ஸ்கூல் லீவுன்னு நினைச்சுக்கறவங்க நிறைய. ரெண்டும் வேற வேற. ஸ்னோ கொட்டினா காலைல 6 மணி வாக்குல முடிவு பண்ணி வெப்சைட்ல போட்டுடுவாங்க, பெரும்பாலும் மஞ்ச ஸ்கூல் பஸ் ஓடறது மட்டும்தான் நிக்கும், ஸ்கூல் நடக்கும். முழுசா மூடறது அபூர்வம், 2022 ஜனவரி 17 மாதிரி ஊரே முடங்கின நாள்லதான். இதுல முக்கியம் என்னன்னா, காலைல பஸ் கேன்சல்னா சாயங்காலமும் வராது, நடுவுல வெயில் அடிச்சாலும் சரி. நீங்க கார்ல கொண்டு விட்டீங்கன்னா கூட்டிட்டு வர்றதும் உங்க பொறுப்பு, வேலைக்கு ரெண்டு பேரும் போற வீட்டுல இதை முந்தின நாள் ராத்திரியே பேசி வெச்சுக்கணும். அனுப்ப வேண்டாம்னு தோணினா அனுப்பாதீங்க, அது உங்க முடிவு, ஆனா ஸ்கூலுக்குச் சொல்லியாகணும். சொல்லலன்னா பிள்ளை வீட்டுல இருந்து கிளம்பி வழியில எங்கயோ போயிட்டான்னுதான் அவங்க எடுத்துக்கணும், அதனால வீட்டுக்கு, உங்க ஆபீஸுக்கு, அவசரத்துக்குக் குடுத்த நம்பருக்குன்னு ஒவ்வொண்ணா கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. அந்த நம்பர்ல இப்பவும் உங்க பழைய வாடகை வீட்டுக்காரர் நம்பர் இருக்கான்னு ஒரு தடவை பாருங்க, புதுசா வந்தவங்களுக்கு இது ரொம்ப நடக்குது.

பையன் டிடிசிங்கற டவுன் பஸ்ல போறான்னா 12 வயசு வரைக்கும் இலவசம், 13 ஆனதும் டிக்கெட் உண்டு, பிறந்தநாள் விண்டர்ல வந்தா பிரெஸ்டோ கார்டுல காசு போட்டு வைங்க. ஜனவரி ஆரம்பத்துல இங்க சூரியன் உதிக்கவே 7:50 ஆயிடுது, அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டு, கறுப்பு ஜாக்கெட் கறுப்பு பேக்னு ரோடு கிராஸ் பண்ற பையன் கார்க்காரர் கண்ணுக்கே தெரியமாட்டான், பேக்ல ஒளி பட்டா மின்னுற பட்டை ஒண்ணு ஒட்டி விடுங்க.

ஜாக்கெட் விஷயம்தான் வீட்டுக்கு வீடு சண்டை. இதுல நான் உங்க பையன் பக்கம் கொஞ்சம் நிப்பேன். அந்த வயசுல கூட இருக்கற பசங்க எல்லாம் ஹூடியோட நிக்கும்போது இவன் மட்டும் மூட்டை மாதிரி போயி நிக்கறது அவனுக்கு நிஜமாவே கஷ்டம், புது ஊர், புது இங்கிலீஷ், இன்னும் ஃப்ரெண்டே சரியா அமையல. அதனால எல்லாத்துக்கும் சண்டை போடாதீங்க, மூணு விஷயத்துல மட்டும் விட்டுக் குடுக்காதீங்க: கால்ல பூட்ஸ், காதை மூடற குல்லா, கைக்கு விரல் பிரிக்காத மிட்டன். காது, விரல், மூக்கு, இதெல்லாம்தான் முதல்ல உறையும். விண்ட் சில், அதாவது காத்தையும் சேர்த்து உடம்புக்குத் தெரியற குளிர், மைனஸ் 28க்குக் கீழ போனா திறந்த தோல் 10ல இருந்து 30 நிமிஷத்துல உறைஞ்சுடும்னு கணக்கு, டொராண்டோ போர்டு ஸ்கூல்கள்ல மைனஸ் 20 தாண்டினா ரீசஸை (வெளிய விளையாட விடற இடைவேளை) குறைப்பாங்க, மைனஸ் 28 ஆனா உள்ளயே வெச்சுக்குவாங்க. அப்ப மைனஸ் 15ல வெளிய அனுப்புவாங்கதான, ஆமா அனுப்புவாங்க, அது இங்க சாதாரண நாள்.

போன பிப்ரவரில ஒரு பையனை ரீசஸ் முடிஞ்சு ஆபீஸுக்குக் கூட்டிட்டு வந்தாங்க, ரன்னிங் ஷூ, காட்டன் சாக்ஸ். சாக்ஸைக் கழட்டிப் பிழிஞ்சா தண்ணி சொட்டுது, கால் விரல் நுனி அஞ்சும் மெழுகு மாதிரி வெளுத்துப் போயிருக்கு, வலிக்குதாப்பான்னா ஒண்ணுமே தெரியலங்கறான். வலி தெரியாததுதான் பயமே. தேய்க்காம வெதுவெதுப்பான தண்ணில வெச்சு, வீட்டுக்குச் சொல்லி அனுப்பினோம், நல்லவேளை நிறம் திரும்பிடுச்சு. காட்டன் நனைஞ்சா சூட்டைப் பிடிக்காது, அதான் காரணம். கம்பளி சாக்ஸோ சிந்தெடிக்கோ வாங்குங்க, ஒரு ஜோடி எக்ஸ்ட்ராவா ஜிப் பை ஒண்ணுல போட்டு லாக்கர்ல வைக்கச் சொல்லுங்க. பூட்ஸ் விலை அதிகமா இருந்தா ஆபீஸ்ல கேளுங்க, நிறைய ஸ்கூல்ல யாரோ குடுத்த நல்ல ஜாக்கெட்டும் பூட்ஸும் எடுத்து வெச்சிருப்பாங்க, கேக்கறதுல ஒரு கூச்சமும் வேண்டாம், பேர் வெளிய வராம குடுப்பாங்க. லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் மெயில் வந்தா மட்டும் அலட்சியம் பண்ணாதீங்க, பிள்ளைங்க ஸ்கூல்ல தொலைச்ச பொருளையெல்லாம் கொஞ்ச நாள் மேஜைல பரப்பி வெச்சிருந்துட்டு மிச்சத்தைத் தானமா அனுப்பிடுவாங்க, அதனால ஜாக்கெட் உள் காலர்ல பேரை மார்க்கர்ல எழுதிடுங்க.

உடம்பு சரியில்லன்னா: காய்ச்சல் மாத்திரை இல்லாமலே விட்டு, உடம்பு தேறி 24 மணி நேரம் ஆகட்டும், வாந்தி பேதின்னா 48 மணி நேரம். பேக்ல மாத்திரை போட்டு அனுப்பாதீங்க, ஸ்கூல்ல ஃபார்ம் இல்லாம எந்த மருந்தும் குடுக்க மாட்டாங்க. விண்டர்ல சுத்தற வாந்தி வைரஸுக்கு சானிடைசர் சரியா வேலை செய்யாது, சோப்பு போட்டுக் கழுவணும்.

ரிப்போர்ட் கார்டு பிப்ரவரில வரும். கிரேடு 6 வரைக்கும் A, B மாதிரி எழுத்துல இருக்கும், கிரேடு 7ல இருந்து பர்சன்டேஜ், அதனால உங்களுக்கும் நம்பர்தான் வரப்போகுது. 74ன்னு பார்த்ததும் பையனை உக்கார வெச்சுத் திட்டாதீங்க, தயவுசெஞ்சு. ஊர்ல 95 வாங்கின பையன்தானேன்னு மனசு கேக்காது, தெரியும். இங்க 70ல இருந்து 79 வரைக்கும் லெவல் 3, அந்த வகுப்புக்கு மாகாணம் எதிர்பார்க்கற அளவை எட்டிட்டான்னு அர்த்தம். வந்த ஆறே மாசத்துல வேற மொழில அதை வாங்கறது பெரிய விஷயம். மார்க்குக்கு முன்னாடி பொறுப்பு, ஒழுங்கா வேலையை வெச்சுக்கறது, தானா செய்யறது, சேர்ந்து செய்யறதுன்னு ஆறு பழக்கத்துக்கு எழுத்துல குறிச்சிருப்பாங்க, அதுல N இருந்தா முன்னேற்றம் தேவைன்னு அர்த்தம், அப்ப டீச்சரைப் பாருங்க. இங்கிலீஷ் தயக்கமா இருந்தா தமிழ் இன்டர்பிரெட்டர் வேணும்னு முன்கூட்டியே ஆபீஸ்ல சொல்லுங்க, உங்க பையனை மொழிபெயர்க்க வைக்காதீங்க, அவனைப் பத்தியே பேசும்போது அவன் எப்படிம்மா சொல்வான்.

ஊர் பயணம். மார்ச் பிரேக் ஒரு வாரம்தான், நாலு வாரம் போனா 15 ஸ்கூல் நாள் போகும். காரணம் தெரியாம தொடர்ந்து 15 நாள் வரலன்னா பேரை ரெஜிஸ்டர்ல இருந்து எடுத்துடலாம், திரும்பி வந்து மறுபடி சேர்க்கற அலைச்சல். கண்டிப்பா போகணும்னா டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடியே பிரின்சிபாலுக்கு எழுத்துல குடுங்க, போற தேதி வர்ற தேதி ரெண்டும் போட்டு. என்னைக் கேட்டா முதல் வருஷம் வேண்டாம், இப்பதான் அவனுக்கு அங்க ஒரு இடம் கிடைக்க ஆரம்பிச்சிருக்கும், ஜூலைல போங்க.

போன் பத்தி ஒரே வரி: 2024 செப்டம்பர்ல இருந்து ஒன்டாரியோ முழுக்க கிளாஸ் நேரத்துல போன் கூடாது, அதனால அவசரம்னா அவனுக்கு மெசேஜ் பண்ணாம ஆபீஸுக்குக் கூப்பிடுங்க.

ஜனவரில ஒரு மெயிலை மட்டும் விடாதீங்க. கனடால ஜனவரி தமிழ் மரபுத் திங்கள், ஒன்டாரியோ 2014ல அறிவிச்சுது, நாடு முழுக்க 2016ல. நம்ம பிள்ளைகள் நிறைய இருக்கற ஸ்கூல்ல பொங்கலை ஒட்டி ஏதாவது செய்வாங்க, கோலம் போட, பொங்கல் பத்திப் பேச பேரன்ட்ஸ் யாராவது வருவீங்களான்னு கேப்பாங்க. அரை நாள் லீவு போட்டாவது போங்க. கோலமாவு எடுத்துட்டு ஜிம் தரையில நீங்க புள்ளி வைக்கறதை சுத்தி நின்னு முப்பது பசங்க பார்க்கும்போது, ஓரத்துல உங்க பையன் முதல்ல கூச்சப்பட்டு நிப்பான், அப்புறம் மெல்ல வந்து புள்ளி எத்தனைன்னு பக்கத்துல இருக்கறவனுக்குச் சொல்லிக் குடுப்பான், நான் பார்த்திருக்கேன்.

இப்ப அந்த லெட்டரை எடுத்து அடில இருக்கற கடைசித் தேதியைப் பாருங்க. ரெண்டு வாரத்துக்குள்ளன்னா மெயில் அனுப்பிட்டுக் காத்திருக்காம, நாளைக்குக் காலைலயே அதுல இருக்கற நம்பருக்குக் கூப்பிட்டு, தமிழ்னு சொல்லிட்டு லைன்ல காத்திருங்க, ஆளைப் பிடிச்சுக் குடுப்பாங்க. பேசும்போது தடுப்பூசி புக்கும் பையனோட ஹெல்த் கார்டும் பக்கத்துல இருக்கட்டும்.