சோலாரிலிருந்து ஹைட்ரஜன் வேலைக்கு மாறுவது பற்றி

வணக்கம். ஐடிஐ எலக்ட்ரீசியன் படிப்பையும் சூரியமித்ரா என்னும் அரசு சோலார் பயிற்சியையும் முடித்து சோலார் பேனல் பொருத்தி வரும் நீங்கள், பசுமை ஹைட்ரஜன் (சூரிய ஒளி, காற்று போன்றவற்றின் மின்சாரத்தால் தயாராகும் ஹைட்ரஜன்) துறைக்கு மாற மீண்டும் டிப்ளமோ படிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உடனடியாக அதற்குத் தேவையில்லை என்பதே என் கருத்து. டிசி வயரிங், எர்த்திங் போன்றவை எலக்ட்ரோலைசர், அதாவது மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் கருவி, உள்ள நிலையத்திலும் அன்றாட வேலைகளே. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 50 யூனிட் மின்சாரம் செலவாவதால், மின்பகுதியை நன்கறிந்தவருக்கு அங்கு மதிப்பு உண்டு.

உங்களிடம் இல்லாதது வாயுவைக் கையாளும் பழக்கம். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் ஹைட்ரஜன் தீப்பற்றும். மணமில்லாததால் கசிவை மூக்கால் அறிய முடியாது, பற்றிக்கொண்டாலும் பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குப் புலப்படுவது அரிது. ஆகவே உயர் அழுத்தக் குழாய் இணைப்பு, டிடெக்டரைக் கொண்டு கசிவு பார்த்தல், வேலைக்கு முன்னும் பின்னும் நைட்ரஜன் செலுத்திக் குழாயிலுள்ள வாயுவை வெளியேற்றுதல் ஆகியவற்றைச் செய்முறையாகக் கற்றுத்தரும் குறுகியகாலப் பயிற்சியைத் தேடுங்கள். வெறும் ஸ்லைடு காட்டிச் சான்றிதழ் தரும் வகுப்புக்குத் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். ஓடும் எலக்ட்ரோலைசரை நேரில் காட்டச் சொல்லிவிட்டுச் சேருங்கள்.

ஒன்றிய அரசின் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கம் 2023இல்தான் ஒப்புதல் பெற்றது என்பதால் புதிய நிலையங்களில் வேலை அமையச் சற்றுக் காலம் பிடிக்கலாம். அதுவரை, உப்புநீரை மின்னாற்பகுத்துக் காஸ்டிக் சோடா தயாரிக்கும் ஆலைகளில் முயன்று பாருங்கள். அங்கு ஹைட்ரஜன் துணைப்பொருளாக நாள்தோறும் வெளிவருகிறது.