செகாவை நிண்டெண்டோ வாங்கிவிட்டதா?

வணக்கம் சார்,

90-களில் விளம்பரத்திலேயே அடித்துக்கொண்ட வீடியோ கேம் கம்பெனிகள் செகாவும் நிண்டெண்டோவும். இன்று நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கருவியில் செகாவின் நாயகன் சோனிக் ஓடுகிறது. செகாவை நிண்டெண்டோ வாங்கிவிட்டதா? இரண்டும் சேர்ந்து செய்ததில் ஒன்றே ஒன்று ஆடுவதென்றால் எது?

அருண்

அன்புள்ள அருண்,

வாங்கவில்லை. 2004-இல் செகா கைகோத்தது பச்சின்கோ என்ற ஜப்பானியச் சூதாட்ட இயந்திரம் செய்யும் சாமி நிறுவனத்துடன். நிண்டெண்டோவோடு இருப்பது வியாபாரம் மட்டும்தான். 2001 ஜனவரி கடைசியில் தன் கன்சோலான (டிவியில் செருகி ஆடும் கருவி) ட்ரீம்காஸ்டை நிறுத்துவதாக செகா அறிவித்தது. கன்சோல் விற்று வந்த நஷ்டத்தைத் தாங்க முடியவில்லை. அதே வருட டிசம்பரில் நிண்டெண்டோவின் கையடக்கக் கருவி கேம்பாய் அட்வான்ஸ், கன்சோல் கேம்க்யூப் இரண்டிலும் சோனிக் வந்தாயிற்று. ரோஷம் பார்க்க நேரமில்லை.

ஆட வேண்டியது 2003-இல் கேம்க்யூபுக்கு வந்த பந்தய ஆட்டம் எஃப்-ஸீரோ ஜிஎக்ஸ். தொடர் நிண்டெண்டோவுடையது, செய்தது செகாவின் அம்யூஸ்மென்ட் விஷன் குழு. இதன் ஆர்கேட் (விளையாட்டுக் கூடத்தில் காசு போட்டு ஆடும் இயந்திரம்) ஜோடி எஃப்-ஸீரோ ஏஎக்ஸ். அது ஓடிய ட்ரைஃபோர்ஸ் என்ற சர்க்யூட் போர்டை நிண்டெண்டோ, செகா, நாம்கோ மூன்றும் சேர்ந்து உருவாக்கின; உள்ளே இருப்பது கேம்க்யூபின் வன்பொருளேதான். அதனால் வீட்டில் ஆட்டத்தைச் சேமிக்கும் மெமரி கார்டை ஆர்கேட் இயந்திரத்திலேயே செருகலாம். அங்கே ஆடிவிட்டு வந்தால் வீட்டில் ஏஎக்ஸ் கோப்பையின் தடங்கள் திறக்கும். ஆர்கேட் கிடைக்காதவர்கள் மற்ற நான்கு கோப்பைகளையும் மாஸ்டர் என்ற மிகக் கடின நிலையில் ஜெயிக்க வேண்டும். கட்டைவிரலுக்கு நான் பொறுப்பல்ல.

பழைய டிஸ்க்கில் ஆட கேம்க்யூப் இல்லையென்றால் அதற்கு அடுத்து வந்த நிண்டெண்டோ கன்சோல் வீ (Wii) போதும். ஆனால் வாங்குமுன் பக்கவாட்டு மூடியைத் திறந்து பாருங்கள்: கேம்க்யூப் கன்ட்ரோலருக்கு நான்கு துளைகளும் மெமரி கார்டுக்கு இரண்டும் இருக்க வேண்டும். பின்னால் வந்த மாடல்களில் அவை இல்லை, அந்த டிஸ்க்கும் ஓடாது. வீக்கு அடுத்து வந்த வீ யூவிலும் (Wii U) ஓடாது. வீ ரிமோட்டால் இந்த ஆட்டத்தை ஆட முடியாது. வீயின் உள்நினைவகத்தில் சேவும் ஆகாது. கன்ட்ரோலர், கார்டு இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். பழைய கார்டு என்றால் முதலில் ஒருமுறை சேவ் செய்து, அணைத்துப் போட்டு, நிற்கிறதா என்று சோதித்துவிடுங்கள். இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் ஸ்விட்ச் 2-இல் ஆன்லைன் சந்தாவோடு எக்ஸ்பான்ஷன் பேக்கும் எடுத்தால் ஆட்டம் அதிலேயே இருக்கிறது. பழைய ஸ்விட்சில் வராது.

யார் யாருக்குச் சொந்தம் என்ற குழப்பம் இன்னும் இருந்தால் பேயோனெட்டா என்ற ஆட்டத் தொடரைப் பாருங்கள். பாத்திரம் செகாவின் உடைமை. முதல் பாகம் நிண்டெண்டோவின் போட்டியாளர்களான பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் இரண்டிலும் வந்தது. இரண்டாம் பாகத்துக்குப் பணம் போட்டது நிண்டெண்டோ. 2014-இல் வீ யூவில் வந்தது, பிறகு ஸ்விட்சுக்குப் போனது. பிளேஸ்டேஷன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.